பெயர்ச்சீட்டு இல்லாத பன்னிரண்டு தொட்டிகள்

“இது பாங்காக் பியூட்டியே இல்லீங்க டீச்சர். சாதாரண ரோஸ் லில்லிக்குப் பேரை மாத்தி என் தலையில கட்டிட்டாப்ல இந்தத் தம்பி.”

ஈஸ்வரமூர்த்தி தொட்டியை மேசைமேல் வைத்தார். ராயபுரத்துக் கல்யாண மண்டபத்தில் அன்று மாடித்தோட்டக்காரர்களின் ஆண்டுக் கூட்டம். போன வாரம் பெய்த மழைக்கு எல்லார் வீட்டு மொட்டை மாடியிலும் மழை லில்லி பூத்திருந்ததால் பேச்சும் அதைப் பற்றியே ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி என்று அவர் சொன்னது ராஜவேலை. மண்ணரையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, தாய்லாந்திலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்த மழை லில்லி ரகங்களைத் தொட்டிகளில் பெருக்கி விற்பவன். மனைவி ஜெயசுதா தொட்டிக்குத் தொட்டி பெயர் எழுதிச் செருகுவாள். சின்ன வெங்காயம் போன்ற கிழங்கு. பூக்கும் வரை எந்த ரகம் என்று வாங்குபவருக்குத் தெரியாது. நம்பித்தான் வாங்க வேண்டும். பெயர் மாற்றி விற்பவன் என்று ஒருமுறை பேச்சு கிளம்பிவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

குற்றம் சொன்னவரும் லேசுப்பட்டவர் இல்லை. வீரபாண்டியில் சொந்தமாக டையிங் என்கிற சாயப்பட்டறை வைத்திருப்பவர். துணியை வெயிலில் ஒருமுறை பிடித்துப் பார்த்தாலே எந்தச் சாயம் தூக்கலாகிவிட்டது என்று சொல்லிவிடுவார். இப்போதும் பையிலிருந்து, நிறங்களை வரிசையாக அச்சிட்ட ஷேடு கார்டை எடுத்து, செல்போனில் இருந்த பாங்காக் பியூட்டி படத்தையும் தொட்டியில் இருந்த பூவையும் அதோடு ஒத்துப் பார்த்துக் காட்டினார். பூ இரண்டு ஷேடு தள்ளி நின்றது. கூட்டம் ராஜவேலைத் திரும்பிப் பார்த்தது.

சங்கத் தலைவி தெய்வாத்தாள் தாவரவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்ப்பேச்சில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கண்காட்சிக்கென்று வெளியூர் நண்பரிடமிருந்து வாங்கி வந்த, பூத்திருந்த பன்னிரண்டு மழை லில்லித் தொட்டிகளில் இருந்த பெயர்ச்சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு நம்பர் போட்டார். இரண்டு பேரும் பெயர்களை எழுதித் தரவேண்டும். ராஜவேல் வியாபாரி என்பதால் அவனுக்கு ஒன்றுகூடத் தப்பக்கூடாது. தப்பினால் அவனிடம் சங்கத்துக்காரர்கள் இனி எதுவும் வாங்கமாட்டார்கள்.

ஜெயசுதாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அவனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

“ஏனுங்க, இது நமக்கு வேண்டாமுங்க. வேற தொட்டி குடுத்துச் சமாதானமாப் போயிரலாம்.”

“தப்புப் பண்ணியிருந்தா குடுக்கலாம் ஜெயா” என்று சொல்லிவிட்டு அவன் மேசைக்குப் போனான்.

ஈஸ்வரமூர்த்தி பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தார். பெருந்தன்மையோடு ஷேடு கார்டை அவனிடம் நீட்டினார். ராஜவேல் கும்பிட்டு வேண்டாம் என்றான். திமிரைப் பாரு என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அவன் அவசரப்படவே இல்லை. இலையை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, தட்டையா உருண்டையா என்று பார்த்தான். பூவுக்குக் கீழே இருக்கும் குழலை நகத்தால் அளந்தான். இதழ் நுனியைத் தடவினான், மோந்து பார்த்தான். பூ நடுவே நிற்கும் தண்டு மகரந்தத்துக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்தான். பூப் பார்க்கச் சொன்னால் பெண் பார்க்கிறானே என்று ஈஸ்வரமூர்த்தி கிண்டலடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பதாம் தொட்டியிடம் அவன் வெகுநேரம் நின்றபோது ஜெயசுதா கண்ணை மூடிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து தெய்வாத்தாள் இரண்டு தாளையும் வாங்கித் திருத்தினார். ஈஸ்வரமூர்த்திக்கு ஏழு சரி. ராஜவேல் எழுதியதை ஒவ்வொன்றாக வாசித்தார். எட்டு சரி, ஒன்பது சரி. பத்து சரி, பதினொன்றும் சரி.

“பன்னெண்டும் சரிங்க” என்றார் டீச்சர்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஜெயசுதா அத்தனை பேர் முன்னால் அழுதாள்; அதற்காகக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மண்டபத்து லைட் சரியில்லை என்று ஈஸ்வரமூர்த்தி சொல்லிப் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று டீச்சரே சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தகராறுக்குக் காரணமான தொட்டியையும் டீச்சர் விடவில்லை. நாட்டு ரோஸ் லில்லியில் நடுத்தண்டு மகரந்தத்துக்குக் கீழே நிற்கும், இதில் மேலே நிற்கிறது என்று ராஜவேல் காட்டினான். டீச்சர் லென்ஸ் வைத்துப் பார்த்து, பாங்காக் பியூட்டிதான் என்று தீர்ப்புச் சொன்னார். மூன்று நாள் வெயில் பட்டால் பூ வெளுக்காமல் என்ன செய்யும் என்றும் கேட்டார்.

ஈஸ்வரமூர்த்தி மானஸ்தர். எழுந்து நின்று சபைக்கு முன் கைகூப்பி, சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டார். பிறகு நேராக வந்து ராஜவேல் தோளில் கை போட்டார்.

“முப்பது வருசமா இந்தத் தொழில்ல கெடக்கறேன், இப்படியொரு கண்ணைப் பார்த்ததில்லீங்க தம்பி. நாளைக்கே நம்ம டையிங்குக்கு வந்துருங்க. ஷேடு பார்க்கற வேலை பூராவும் உங்க கையிலதான்.”

ராஜவேல் ஜெயசுதாவைப் பார்த்தான். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

“மன்னிக்கோணுமுங்க” என்றான் ராஜவேல். “ஒரு டையிங்ல ஏற்கெனவே ஒரு வாரம் இருந்து பார்த்துட்டேனுங்க. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரியுதுன்னு ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க.”