சுருட்டை முடி

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்ணே?"

கேட்டுக் கேட்டு நம்மாளுக்கு வாயே வலிச்சுப் போச்சு. அவசரம் இருக்காதா பின்ன? இன்னைக்கு மேடையேறி 'சாதனை இளைஞர்' விருது வாங்கப் போறான்! நெத்தியில வந்து விழுற சுருட்டை முடிய லேசா ஒழுங்கு பண்ணணும், அவ்வளவுதான். பேச வேண்டியது மொபைல்ல ரெடி. தலைப்பு, 'பெரிய மனுஷன் ஆவது எப்படி?'

"இதோ ஆச்சு தம்பி." சலூன்கார அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கல.

நாற்காலியில ஒருத்தர், கம்பளித் தொப்பிய ஆணியில மாட்டிட்டு, கண்ண மூடி சுகமா உட்கார்ந்திருந்தாரு. தலையில மிச்சமே நாலு சுருட்டை முடி. அதுக்கு இவ்வளவு நேரமா?

நம்மாளு எட்டிப் பார்த்தான். தூக்கிவாரிப் போட்டுச்சு.

கத்தரி தலையத் தொடவே இல்ல! காதோரமா வெறும் காத்த வெட்டிட்டு இருக்கு!

அதோட விட்டாரா அண்ணன்? சட்டைப் பைக்குள்ள கைய விட்டு ஒரு பிடி முடிய எடுத்தாரு. தொப்பிக்காரர் மேல போர்த்தியிருந்த துணியில அங்கங்க தூவினாரு.

அடப்பாவி! பட்டப்பகல்ல இப்படி ஒரு ஏமாத்து வேலையா?

"ஏண்ணே, நீங்க என்ன..."

கண்ணாடிக்குள்ள அண்ணனோட கண்ணு கெஞ்சுச்சு. நம்மாளு வாய மூடிக்கிட்டான்.

"முடிஞ்சுது மாமா!"

தொப்பிக்காரர் கண்ணத் திறந்தாரு. கண்ணாடியப் பார்க்கவே இல்ல, நேரா மடியப் பார்த்தாரு. முகம் அப்படியே பூரிச்சுப் போச்சு.

"யப்பா, இவ்வளவா! போன தடவ இத்தன விழலையே மாப்ளே?"

"வெட்ட வெட்ட வளருதே! உங்களால எனக்குக் கைதான் வலிக்குது."

"வலிக்கட்டும், வலிக்கட்டும்! உடம்பு தேறுதுன்னுதானே அர்த்தம்? சரி, ஊசிக்கு நேரமாச்சு, வரேன்." தொப்பிய மாட்டிக்கிட்டே திரும்பினாரு. "தம்பி, என்னால லேட்டாயிடுச்சோ?"

"சேச்சே... நான் சும்மாதான் சார் இருக்கேன்."

அவர் படியிறங்கினதும் அண்ணன் குரலத் தாழ்த்தினாரு.

"தப்பா நினைச்சுக்காதே தம்பி. கேன்சர் வைத்தியத்துல முடியெல்லாம் கொட்டிருச்சு. முடியே வரல, இனி ஊசி எதுக்குன்னு பாதியில நிறுத்திட்டாரு. வீட்ல எல்லாரும் அழுதும் கேட்கல. முடி வளருதுன்னு நம்பி இப்பதான் ஒழுங்கா போறாரு."

சட்டைப் பைய உதறிக் காட்டினாரு. ஒண்ணுமில்ல.

"அவருக்குத் தோதா சுருட்டை முடி கிடைக்கிறதுதான் பெரும்பாடு. அத விடு, நீ உட்காரு. லேசா ஒழுங்கு பண்ணாப் போதும்ல?"

மொபைல் அடிச்சுச்சு. விழாக்காரங்கதான். நம்மாளு எடுக்கல. நெத்தியில கிடந்த சுருள ஒரு தடவ தடவிப் பார்த்தான்.

"ஒட்ட வெட்டிடுங்கண்ணே. ஒண்ணு விடாம பையில போட்டுக்கோங்க."