பின்சீட்டு

"மனுஷனாய்யா நீ? அந்தப் பொண்ணு வெயில்ல நடந்து போவுது, நீ ஸ்கூட்டில ஒத்தையா போற!"

கிறிஸ்டினா போட்ட சத்தத்துல கவரைப்பேட்டை தெருவே எட்டிப் பாத்துச்சு. அவ புருஷன் தாவீது மட்டும் நிமிரல. குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கினு இருந்தான்.

பக்கத்து போர்ஷன் நர்மதாவுக்கும் தாவீதுக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரே கம்பெனி. அவன் பர்மனென்ட், அவ கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆளு லேட்டா போனா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவாங்க. பஸ்ஸ விட்டு எறங்கினா உள்ள அவ்ளோ தூரம் நடக்கணும். பள்ளிப்பட்டுலேர்ந்து பொழைக்க வந்தவ, புருஷன் இல்ல, ஒரு கொழந்த வேற.

கிறிஸ்டினாதான் மொதல்ல சொன்னா, "பின்சீட்டு சும்மாதானே கீது, கூட்டிக்கினு போய்யா"ன்னு. கொஞ்ச நாள் கூட்டிக்கினு போனான். திடீர்னு நிறுத்திட்டான்.

"பின் டயரு வீக்கு."

"டயர மாத்து."

"ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் கேக்குறான் போலீசு."

"வாங்கிக் குடு. யாருனா எதனா பேசினாங்களா?"

"இல்ல."

"அவ எதனா வம்பு பண்ணாளா?"

"ச்சே! அது தங்கமான பொண்ணு."

"அப்புறம் உனுக்கு இன்னாய்யா பேஜாரு?"

ஸ்கூட்டி கெளம்பிடுச்சு.

அந்த வாரமே நர்மதா கேட்டுலேர்ந்து திரும்பி வந்தா.

"இன்னொரு தபா லேட்டானா வேற ஆள போட்டுக்குவாங்களாம்க்கா. பரவால்ல, ஓடியாவது போயிடறேன்"னு சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் கிறிஸ்டினாவால தாங்க முடியல.

வெள்ளிக்கிழம ஆசீர்வாதம் ஐயா ஊட்டுல ஜெபக்கூட்டம்.

"ஜெபக்குறிப்பு இருந்தா சொல்லுங்க"ன்னாரு ஐயா.

ஒருத்தர் சுகருன்னாரு. ஒருத்தர் பொண்ணு கல்யாணம்னாரு. கிறிஸ்டினா எழுந்து நின்னா. பக்கத்துல புருஷன் உக்காந்திருக்கான், அதப் பத்தியெல்லாம் கவலையே இல்ல!

"என் ஊட்டுக்காரருக்குக் கல்லு மனசுங்க. ஒரு ஏழப் பொண்ணுக்கு லிஃப்ட் குடுக்க மாட்டேங்கறாரு. அந்த மனசு கரையணும், எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

கூட்டம் மொத்தமும் தாவீத ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க! அவன் காது செவந்து போச்சு. பின்னாடி ஒரு அம்மா "ஞாயித்துக்கெழம மட்டும் சர்ச்சுக்கு மொத ஆளா வந்துடறது"ன்னு முணுமுணுத்துச்சு.

ஐயா கண்ண மூடினாரு.

"ஆண்டவரே, இந்தச் சகோதரனோட மனச நீரே மாத்தும்!"

"ஆமேன்!"

எல்லாரையும் விட சத்தமா சொன்னது தாவீதுதான். கண்ணுல தண்ணி வேற ஓடுது. கிறிஸ்டினாவுக்கு ஒரே சந்தோஷம். கரைஞ்சிடுச்சுடா சாமி!

மறுநாள் காலைல அவளே நர்மதாவ இட்டுக்கினு வந்து ஸ்கூட்டிகிட்ட நிறுத்தினா.

"ஏறு கண்ணு, இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

தாவீது வெளிய வந்தான். நேரா போயி சாவிய நர்மதா கைல குடுத்தான்.

"உனக்கு ஓட்டத் தெரியும்லமா? இனிமே நீயே எடுத்துக்கினு போ."

"ஐயோ, அப்போ நீங்கண்ணா?"

"நான் பஸ்ல போய்க்கிறேன்."

டிபன் பைய மாட்டிக்கினு ரோட்டப் பாத்து நடந்துட்டான். நர்மதா ஒண்ணும் புரியாம சாவியும் கையுமா நின்னா.

கிறிஸ்டினா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தொரத்திக்கினு ஓடுனா. அவன் சட்டையப் புடிச்சு நிறுத்தினா.

"யோவ், லூசாய்யா நீ? வண்டியவே தூக்கிக் குடுக்கத் தெரியுது, பின்னாடி உக்கார வெச்சுக்கினு போவத் தெரியலயா? ரெண்டு பேருக்கும் ஒரே கேட்டு. போனமா, எறங்குனமா, முடிஞ்சிச்சு. இதுல உனுக்கு இன்னா கஷ்டம்?"

ரொம்ப நாளைக்கப்புறம் தாவீது அவ கண்ண நேரா பாத்தான்.

"அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவளுக்கு இது தெரியவும் தெரியாது."

"எது?"

"கடைசியா அவள கூட்டிக்கினு போன அன்னைக்கு, கம்பெனி கேட்டு வந்தும் வண்டிய நிறுத்த எனுக்கு மனசு வரல, கிறிஸ்டி."