ஓய்வெடுக்கச் சொன்ன வண்டி

சொகுசின் கடைசிப் பயணத்தில் அவன் என் நினைவில் நிற்பது ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

"மறுபடியுமா? இப்பதானேப்பா நின்னோம்" என்றார் பல் டாக்டர்.

"நான் என்ன பண்ண? ஓய்வெடுன்னு திரையில வருது. கேக்காமப் போனா வேகத்தைக் குறைச்சுடும்."

"நீ வாங்கினது வண்டியா, மாமியாரா?" என்றார் அச்சகக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். அவனும்தான்.

சொகுசு என்பது நாங்கள் வைத்த பெயர். வருஷத்துக்கொரு முறை நாங்கள் நாலு பேரும் மோட்டார் சைக்கிளில் தூரப் பயணம் போவோம். எங்களுடையவை சாதா வண்டிகள். அவனுடையதில் குளிருக்குக் கைப்பிடி சூடாகும். பொத்தானைத் தொட்டால் முன்கண்ணாடி உயரும். ஆக்சிலரேட்டரைத் திருகாமலே ஒரே வேகத்தில் ஓடும். ஈரத்தில் பிரேக் பிடித்தாலும் சறுக்காது.

"எல்லாம் பண்ணுது. ஊர் போய்ச் சேர மட்டும் விடாது" என்று பல் டாக்டர் முணுமுணுத்தார்.

என் மனைவி மட்டும் அவன் கட்சி. "விடுங்க, மெஷின் சொல்றதுக்கு அண்ணன் என்ன பண்ணுவார்?" என்று என் பின்னாலிருந்து இறங்கி, மெல்ல நாலு எட்டு நடந்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டாள்.

இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவளால் தொடர்ந்து வெகுநேரம் உட்கார முடியாது. பின் சீட்டில் காற்று வாங்கிக்கொண்டு போவதென்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் முதலில் வர மாட்டேன் என்றுவிட்டாள்.

"எனக்காக அத்தனை பேரும் வழியெல்லாம் நிக்கணுமா? கூச்சமா இருக்கும். நீங்க போயிட்டு வாங்க."

கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவை என்று அழைத்துப் போனேன். அந்தப் பயணத்தில்தான் சொகுசின் வண்டி முரண்டு பிடிக்கத் தொடங்கியது. புதிதாக ஏதோ மென்பொருள் ஏற்றியதன் வினை என்றான். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அதன்பின் ஒரு பயணத்தையும் அவள் விடவில்லை.

அந்த நெடுஞ்சாலைப் பயணம் முடிந்த சில நாளில் சொகுசு தூக்கத்திலேயே போய்விட்டான். பிறகு என் மனைவியும் போனாள்.

போன வாரம் சொகுசின் மகள் அதே வண்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏறுங்க மாமா. வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்காதீங்க."

ஏறினேன். வெகுதூரம் போய்விட்டோம். ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் வசதி இருந்தது.

"ஏம்மா, இன்னும் ஓய்வெடுக்கச் சொல்லலையா?"

"யாரு மாமா?"

"வண்டிதான். திரையில வருமே."

"இந்த மாடல்ல அப்படி ஒரு வசதியே கிடையாதே."

"உங்கப்பாவுக்கு வந்துதேம்மா. வேகத்தைக்கூடக் குறைச்சுடும்னு சொல்வானே."

அவள் பிசியோதெரபிஸ்ட். என் மனைவிக்குச் சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி கொடுத்தவள் அவள்தான்.

"ஒவ்வொரு தடவை கிளம்பறப்பவும் அப்பா எனக்கு போன் போடுவார் மாமா. அத்தை இப்ப ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் உட்காரலாம்னு கேப்பார். கேட்டுட்டு வெச்சிடுவார்."



அந்த வண்டி இப்போது அவளுடையது. பெட்ரோல் போட மட்டும்தான் நிற்கிறது.