நிசப்தத்துக்குக் கைத்தட்டல்

எங்கள் கலைக் கல்லூரியில் இசைத் தேர்வு. சொந்த மெட்டை வாசிக்க வேண்டும். சிறந்தது பட்டமளிப்பு மேடைக்குப் போகும்.

பொருளாதாரத்தோடு இசையும் படிக்கும் என் அறைத்தோழி முதலில் பியானோவில் அமர்ந்தாள். வாசித்தது என் மெட்டு!

“நடுவுல ஒரு நொடி நிசப்தம் விட்டியே, எப்படிம்மா தோணுச்சு?” என்றார் பேராசிரியர்.

“அழுகை தொண்டைய அடைக்கிற இடம், சார்.”

கைத்தட்டல்.

அடுத்து நான். வேறு மெட்டு இல்லை, அதையே வாசித்தேன்.

“காப்பியடிச்சதுதான் அடிச்ச, அந்த நிசப்தத்தையாவது விட்டு வச்சிருக்கலாமே! அங்க ஒரு ஸ்வரத்தப் போட்டுக் கெடுத்துட்டியே!”

அங்கே ஸ்வரம் உண்டு. நான் பழகிய விடுதிப் பியானோவில்தான் அந்தக் கட்டை ஒலிக்காது.

அவளுக்கு அது எப்படித் தெரியும்? தினமும் கதவுக்கு வெளியே நின்று கேட்டுத்தானே “அருமைடி” என்றாள்.