காலி மெஷின்

“காலி மெஷின் ஒண்ணு வேணும்க்கா. உள்ள துரும்புகூட இருக்கக் கூடாது!”

அலுவலகத்தில் அவனுக்கு ‘அவசரம்’ என்றுதான் பெயர். நின்ற இடத்தில் நிற்க மாட்டான். அன்று கேட்கவே வேண்டாம்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் பிளகின் ஒன்றை அவன் செய்திருந்தான். மூன்று மணிக்கு வாடிக்கையாளர் வருகிறார். அவர் முன்னால் அது ஓடவில்லையென்றால் அவனோடு சேர்த்து அந்த அறையிலிருந்த ஆறு பேருக்கும் வேலை போய்விடும்.

“உன் மெஷின்லதான் ஓடுதே தம்பி?” என்றாள், கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் அக்கா.

“என் மெஷின்ல எல்லாம் ஓடும். அவரு புதுசுல போட்டுக் காட்டச் சொல்வாரே!”

“ஸ்டாக்ல இல்லப்பா. இங்க இருக்கறதுல ஒண்ணைத்தான் துடைக்கணும். துடைச்சா போனது போனதுதான். எல்லாரும் சர்வர்ல நகல் வெச்சிருக்கீங்கல்ல?”

“ஆமா, ஆமா!”

“எதைத் துடைக்கட்டும்?”

“எல்லாம் ஒரே கறுப்பு டப்பாதானே! சும்மா கிடக்கறதுல ஒண்ணைத் துடைங்க. இதுக்கெல்லாம் என் உயிரை வாங்காதீங்கக்கா!”

பிளகினைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினான். மற்ற ஐந்து பேரும் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டரைக்கு அவன் நேராகப் பரிசோதனை அறைக்கு வந்தபோது, மேஜையில் மெஷினைத் தயாராக வைத்துக்கொண்டு அக்கா நின்றாள். பிளகினை ஏற்றினான். ‘லைப்ரரி கிடைக்கவில்லை’ என்று சிவப்பில் வந்து நின்றது.

மறுபடி ஏற்றினான், மறுபடியும் அதே சிவப்பு. அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டான்.

பிளகினின் கனமான வேலையையெல்லாம் செய்வது ‘நேட்டிவ் லைப்ரரி’ என்கிற தனிக் கோப்பு. எட்டு மாதம் மாங்கு மாங்கென்று உழைத்து அவனே உருவாக்கியது. அதை பிளகினுக்குள் வைத்துக் கட்டவே மறந்திருக்கிறான்! அவன் மெஷினில் அது வேறொரு ஃபோல்டரில் கிடந்ததால் அங்கே மட்டும் ஓடியிருக்கிறது.

சர்வரில் ஒரு நகல் வை என்று மேனேஜர் தொண்டை கிழியக் கத்தியதுதான் மிச்சம். ஐயாவுக்கு எங்கே நேரம்?

“நல்லவேளைக்கா, இப்பவாவது தெரிஞ்சுது!” போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. “என் மெஷின்லேர்ந்து எடுத்து உள்ள வெச்சா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை. இதோ வந்துட்டேன்!”

நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசல்வரை ஓடிவிட்டான். அக்கா குழப்பத்தோடு கூப்பிட்டாள்.

“எங்கப்பா போறே? இதுதானே உன் மெஷின்!”