மேலே மஞ்சள், நடுவில் பச்சை

"ஏறுது... ஏறுது... ஏறிடுச்சு!"

ஆள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே குரல் வந்துவிட்டது. உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கையிலிருந்து தலையணை உறை நழுவியது.

என்ன ஏறிடுச்சு? எட்டிப் பார்த்தாள்.

கூடத்து மேஜையைச் சுற்றி நாலு பேர். நடுவில் ஒரு டம்ளர், அதில் கொஞ்சம் தண்ணீர். பென்சிலில் சுற்றித் தொங்கவிட்ட வடிதாளின் நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. தாளில் வைத்த கறுப்பு மைப்புள்ளி, ஈரம் மேலே ஏற ஏற, கறுப்பாக இருந்தது போதும் என்பதுபோல் கலர் கலராகப் பிரிந்துகொண்டிருந்தது.

"மேல மஞ்சள்! நடுவுல பச்சை! அடியில சிவப்பு!"

கத்தியவளுக்கு வகுப்பில் ரேடியோ என்று பெயர்.

"எங்களுக்கும் கண்ணு இருக்குடி," என்றாள் மகள். வகுப்பில் முதல் மார்க் அவள்தான்.

"எனக்கு ரெண்டு கூடுதலாவே இருக்கு," என்று கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டான் சோடாபுட்டி.

நாலாவது ஆள் நெட்டையன். முழங்கால் மேஜையில் இடிக்க, தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று முன் உள்ளே வந்து ஷூவைக் கழற்றியதும் ஒரு காலில் பச்சை சாக்ஸும் இன்னொன்றில் செங்கல் கலர் சாக்ஸும் தெரிய, "என்னடா இது, சிக்னல் விளக்கா?" என்று சோடாபுட்டி ஓட்டினான். "ஃபேஷன்டா," என்று சிரித்து மழுப்பிவிட்டான் நெட்டையன்.

நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு. மாதிரித் தேர்வில் நெட்டையன் இந்த மைப்புள்ளியில்தான் கோட்டை விட்டான். மறுபடியும் விட்டால் அடுத்த வருஷம் அறிவியல் பிரிவு கிடையாது. அவனைத் தேற்றிவிடத்தான் இந்தக் கூட்டம்.

மகள் ஆசிரியர் தோரணையில் கேட்டாள். "மணல், உப்பு, இரும்புத்தூள் மூணும் கலந்திருக்கு. என்னடா பண்ணுவே?"

"முதல்ல காந்தம். இரும்பு வந்துரும். அப்புறம் தண்ணி ஊத்திக் கலக்கி வடிகட்டினா மணல் தாள்ல தங்கிரும். வடிஞ்ச தண்ணியைக் காய்ச்சினா உப்பு."

"எண்ணெயும் தண்ணியும்?"

"பிரிபுனல். தண்ணி கீழ நிக்கும், குழாயைத் திறந்து அதை மட்டும் இறக்கணும்."

மடமடவென்று வந்தது பதில். இவனா ஃபெயில் ஆனான்? அம்மாவுக்கு ஆச்சரியம். இன்னொன்றும் உறுத்தியது. இவ்வளவு கேள்விக்கும் ரேடியோ வாயே திறக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அடுத்த வடிதாளைத் தொங்கவிட்டார்கள்.

"மேல மஞ்சள்! நடுவுல பச்சை! அடியில சிவப்பு!"

மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். "அம்மா, நீயே சொல்லிடு. நாளைக்கு அவ வரவேண்டாம். நான் சொன்னா சண்டையாயிடும். இந்த மைப்புள்ளியில அவனே தடுமாறிட்டிருக்கான். இவ அவனை யோசிக்கவே விடமாட்டேங்கறா."

அம்மாவுக்கும் நியாயமாகத்தான் பட்டது. தண்ணீர் எடுத்துப்போகும் சாக்கில் ரேடியோவைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"கோச்சுக்காதேம்மா. நாளைக்கு அவங்க மூணு பேர் மட்டும் படிக்கட்டுமே?"

ரேடியோவின் முகம் சுருங்கிப்போயிற்று. "ரொம்பக் கத்தறேனா ஆன்ட்டி?"

"கொஞ்சம்."

"சரி ஆன்ட்டி, நான் வரலை." சமையல் மேடையில் விரலால் கோடு இழுத்தாள். "ஆனா எனக்குப் பதிலா நீங்க சொல்வீங்களா?"

"எதை?"

"எந்தக் கலர் எங்க நிக்குதுன்னு. நெட்டையனுக்குக் கேக்கற மாதிரி. சும்மா பேச்சுவாக்குல சொல்ற மாதிரி."

"ஏன், அவனுக்கு என்ன, பார்த்தாத் தெரியாதா?"

ரேடியோ கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அந்தக் குரலுக்கு இவ்வளவு தாழ வரும் என்பதே அம்மாவுக்குப் புதுசு.

"பச்சையும் சிவப்பும் அவனுக்கு ஒண்ணு போலத்தான் தெரியுது ஆன்ட்டி. லேப்ல சிவப்புப் பென்சில் கேட்டேன், பச்சையை எடுத்து நீட்டினான். விளையாடறான்னு நெனச்சேன். மாதிரித் தேர்வுல அவன் முழிச்சதைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு மறைக்கறான். எனக்குத் தெரியும்கறதும் அவனுக்குத் தெரியாது."

"அதுக்காகவா கத்தறே?"

"தேர்வுல இதே மைதான் குடுப்பாங்க. வரிசை மாறாது. எது மேல, எது கீழன்னு காதுல விழுந்துக்கிட்டே இருந்தா மனசுல பதிஞ்சுடும்ல? அப்புறம் அவனுக்கு யாரும் வேண்டாம். நான் ஏன் கத்தினேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அம்மா சமையலறை வாசலுக்கு வந்தாள். அங்கிருந்தே மேஜைக்கு அடியில் பார்த்தாள். ஒரு கால் பச்சை, ஒரு கால் செங்கல். ஒரே ஜோடி என்று நம்பிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

தண்ணீர்ச் சொம்பை ரேடியோவின் கையில் கொடுத்து, பின்னாலேயே கூடத்துக்கு வந்தாள்.

"இன்னொரு தாள் போடுங்க. ரேடியோ, நீ சொல்றது உள்ளே எனக்குச் சரியாவே கேக்கலை. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

"அம்மா!" என்று வாயைப் பிளந்தாள் மகள்.

"நாளைக்கும் வந்து சொல்லட்டும்," என்றுவிட்டு அம்மா உள்ளே போனாள். கீழே கிடந்த தலையணை உறையை எடுத்து உதறினாள்.

கூடத்தில் புதுத் தாளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஈரம் ஏறிக்கொண்டிருக்கும்.

"மேல மஞ்சள்!" என்றது ரேடியோவின் குரல். "நடுவுல..."

நிறுத்திக்கொண்டாள்.

"பச்சை," என்றது நெட்டையனின் குரல். "அடியில சிவப்பு."

அம்மா உறையை நாலாக மடித்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.