இந்த வாரக் காற்று

வாரம் ஒருமுறை மலையுச்சிக் காற்றைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது செம்மலரின் வேலை. அதில் கரியமிலவாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அங்கே பார்ப்பார்கள். பிடிப்பவளின் மூச்சு பட்டாலே அளவு கெட்டுவிடும் என்பதால், மூச்சை அடக்கிக்கொண்டுதான் திறக்க வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு வாரம்கூட அவள் தவறவிட்டதில்லை. அன்று அவளைப் பார்க்க வந்திருந்த அம்மாவும் கூடவே ஏறினாள். குடுவையைத் தலைக்கு மேல் தூக்கித் திறந்த மகளுக்கு முகம் சிவந்து கண் பிதுங்கியதும், "ஐயோ, புள்ளைக்குப் பொரையேறிடுச்சே!" என்று பாய்ந்து, உச்சந்தலையில் தட்டித் தட்டி ஊதினாள்.

"எம்மா, கெடுத்தியே! ஒரு வாரமே போச்சு!"

"போனா போவுது. வாரம் திரும்ப வரும், நீ வருவியாடி?"

கையில் வேறு குடுவை இல்லாததால் அதையே மூடி அனுப்பினாள் செம்மலர். பத்து நாள் கழித்து ஆய்வக சார் போனில் குதித்தார். "என்னம்மா இவ்வளவு காட்டுது? பக்கத்துல லாரி ஏதாச்சும் நின்னுச்சா?"

"லாரி இல்ல சார். எங்கம்மா."

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர், "அந்த வாரத்தைக் கணக்குல காலியா விட்டுடறேன். பாட்டில்ல மிச்சம் இருக்கறதத் திறந்து விட்டுடவா?" என்றார்.

"வேணாம் சார், அது இருக்கட்டும்" என்றாள் செம்மலர்.